நனையாத இரண்டு விரல்கள்

பள்ளிபாளையத்திலிருந்து ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கு, நானும் ஏறியிருந்த பரிசலில் வந்த நெசவாளி ஒருவர், ஆற்றில் கையை விட்டபடி மனைவியிடம் சொன்னார்:

"மூணு வெரல்தான் நனையுது புள்ள. மத்த ரெண்டும் மரத்தே கெடக்குது."

"தூக்கத்துல முழங்கைய மடக்குனா வெரலுக்குப் போற நரம்பு நசுங்கும்னுதான் ஒரு மாசமாப் பாக்கு மட்டை வெச்சுக் கட்டிவுடறனுங்களே, இன்னுமா?"

"டாக்டரு கீறோணும்னுட்டாரு."

"கீறுன கை தறிக்கு ஆகுமுங்களா?"

நடு ஆற்றில் பரிசல் தூக்கத்தில் புரள்வதுபோல் மெல்லச் சுற்றியது.

"புள்ள, சுண்டு வெரலு சில்லுங்குது."

"மெய்யாலுமுங்களா?"

"மோதர வெரலுந்தான்."

அந்த அம்மா பரிசல்காரரிடம் சொன்னார்: "ஏனுங்க, திருப்புங்க. நாங்க ஊட்டுக்குப் போறோம்."

பரிசல் திரும்பியது. ஈரோட்டில் நான் பிடிக்க வேண்டிய ரயில் இருந்தது. நான் வாயே திறக்கவில்லை.