சகலை கேட்ட காற்று

இன்னும் கிட்டே வாங்க. கதவைத் தாழ் போட்டாச்சா? சரி...

ராத்திரி எட்டு மணி. மலையிலிருந்து இறங்கும் ரோடு. ஈ காக்கை கிடையாது. என் நண்பனின் சித்தப்பா ஸ்கூட்டரில் தனியாக மாமனார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கியது... யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. திரும்பிப் பார்த்தார். காலி சீட். ஆனால் வாசனை வந்தது. சவர லோஷனும் பெட்ரோலும் கலந்த வாசனை.

அது யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

சித்தப்பா மலைமேல் சின்ன விமானங்கள் இறங்கும் ஓடுதளத்தில் ரேடியோக்காரர். வருகிற விமானத்துக்குக் காற்றின் வேகத்தைச் சொல்வதுதான் வேலை. அவர் சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், அங்கேயே பைலட். வயிற்றெரிச்சலே அதுதான். மூத்த மாப்பிள்ளை இவர். ஆனால் பைலட் வாசலில் ஷூவைக் கழற்றும்போதே மாமனார் எழுந்து நிற்பார். "வாங்க மாப்பிள்ளை!" இவர் போனால் பேப்பரைக்கூட மடிக்க மாட்டார். பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு "ம்". அவ்வளவுதான். சித்தப்பா புழுங்கிப் புழுங்கியே பாதியாகிவிட்டார்.

போன மாதம் ஒரு சாயங்காலம், சின்ன மாப்பிள்ளை விமானம் இறக்கும் அழகைப் பார்க்க மாமனார் வேலியோரம் வந்து நின்றார். ரேடியோ அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மலைக்காற்று விட்டு விட்டு அடித்தது. கம்பத்தில் காற்றைக் காட்டும் துணிக்கூம்பு விறைத்து நிற்கும்... பிறகு துவளும்... மறுபடி விறைக்கும்.

ரேடியோ கரகரத்தது. "சகலை, காத்து எப்படி?"

அடங்கிய காற்று எவ்வளவு, திடீரென்று வீசுவது எவ்வளவு, இரண்டையும் சொல்ல வேண்டும். அதுதான் முறை. சித்தப்பா மைக்கைப் பிடித்தபடி காத்திருந்தார். கூம்பு துவண்டது.

"பத்துதான் சகலை. தாராளமா இறங்குங்க."

பொய் இல்லை. அந்த நிமிஷம் வேகம் பத்துதான். திடீரென்று வீசுவதை மட்டும் சொல்லவில்லை. சாகட்டும் என்றும் நினைக்கவில்லை. மாமனார் கண்ணெதிரே ஒரு குலுங்கு குலுங்கட்டும், ஜம்பம் கொஞ்சம் அடங்கட்டும் என்றுதான் நினைத்தார். சக்கரம் தரையைத் தொடப்போகும் நேரம், காற்று ஒரு பக்கத்து இறக்கையைத் தூக்கிப் புரட்டியது... தகரம் கிழிகிற சத்தம். பிறகு சத்தமே இல்லை.

பழி காற்றின் மேல் போயிற்று. மலைக்காற்றை யார் கேள்வி கேட்பது?

சரி, ஸ்கூட்டருக்கு வருவோம். மாமனார் வீட்டு வாசலில் நிறுத்தினார். பின்பக்கம் மெல்ல எழும்பியது... யாரோ இறங்கின மாதிரி. வேர்த்து விறுவிறுத்து உள்ளே ஓடினார்.

மாமனார் பேப்பரும் கையுமாக எழுந்து நின்றார்!

சித்தப்பாவுக்கு அந்தப் பயத்திலும் வயிறு குளிர்ந்தது. எத்தனை வருஷ ஏக்கம்...

"வாங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார். பார்வை சித்தப்பாவின் தோளுக்குப் பின்னால் இருந்தது.

செத்த பிறகுமா அவனுக்கு மரியாதை? அப்போதும் சித்தப்பாவுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.

"அன்னிக்குக் காத்து எப்படி இருந்துச்சு மாப்பிள்ளை?"

பதில் எதுவும் காதில் விழவில்லை. மாமனார் மட்டும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ரொம்ப நேரம். லோஷன் வாசனை கூடம் முழுக்க... பிறகு கையிலிருந்த பேப்பரை மெதுவாக நாலாக மடித்து வைத்துவிட்டு, முதல் தடவையாகச் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார்.