ஒன்பது மணிக்குத்தான் கிளம்பணும்

ஊரிகம் ஸ்டேஷனில் ஏறிய இருவரும் தினம் ரயிலில் பெங்களூரு வேலைக்குப் போகிறவர்கள். எனக்கு எதிரே உட்கார்ந்ததும் ஒருவர் மற்றவரிடம் கேட்டார்:

"சின்னப் புள்ளைங்கள வெச்சிக்கினு திருச்செந்தூருக்குக் காருலயா? விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிடு மச்சான். பாதி வழி தூங்கிக்கினே வருவாங்க."

"வூட்லயும் அதான் சொல்றா. நான்தான் ஒம்போது மணிக்குன்னு சொல்லிட்டேன்."

"இன்னா மச்சான், வெயில்ல வாந்தி எடுப்பாங்க, அடிச்சிக்குவாங்க, கேள்வி கேட்டே உயிர எடுப்பாங்க."

"எடுக்கட்டும். நான் வேலைக்குக் கெளம்பறப்போ தூங்கறாங்க, திரும்பி வர்றப்பவும் தூங்கறாங்க. தூங்கறததான் தினம் பாக்கறேனே."

ரயில் பங்காரப்பேட்டையில் நின்றது. கேட்டவர் மெல்லச் சொன்னார்:

"வாந்திக்குக் கவரு நெறைய எடுத்து வெச்சிக்க."