நின்னுடு

— வண்டிய ஏங்க்கா ரோட்டு நடுவுல வுட்டீங்க? கம்பெனி பஸ் வர்ற நேரம். ஓரங்கட்டுங்க.

— வரட்டும். என் மேல ஏத்திட்டுப் போவட்டும். அப்பதான் உனக்கு நிம்மதி தேவயானி.

— அய்யய்ய, காலங்காத்தால இன்னா பேச்சு இது கவுசர்க்கா? டீ சொல்லட்டுமா?

— டீ குடிக்கவா நாலரைக்கு எழுந்து பைபாஸ் வரிக்கும் வந்தேன்? மலை மேல கோயில் லைட்டு கூட அணைக்கல இன்னும். பன்னெண்டு நாளாச்சு. போன் எடுக்க மாட்ற. வூட்டாண்ட வந்தா உங்க மாமியார் 'தூங்குறா'ன்றாங்க. இன்னொரு நாள் வந்தா 'கம்பெனிக்குப் போயிட்டா'ன்றாங்க. தோ பாரு, வேற எங்கதான் உன்னைப் புடிக்கிறது? அதான் பஸ் ஏர்ற எடத்துக்கே வந்துட்டேன்.

— யக்கா, யாரு இவங்க?

— நான் முன்ன வேலை செஞ்ச தையல் யூனிட்டு ஓனரும்மா. கவுசர்க்கா, இது சௌமியா. கம்பெனில என் பக்கத்துல நிக்கிற பொண்ணு.

— முன்ன வேலை செஞ்ச யூனிட்டாம்! கேட்டுக்கோ சௌமியா. ஒம்போது வருஷம் என் ஷெட்டுல இருந்தவ. பன்னெண்டே நாள்ல நான் 'முன்ன' ஆயிட்டேன்.

— அது இல்லக்கா...

— எது இல்ல? ஸ்கூலு தெறக்க ஆறு நாளு இருக்குது. முன்னூறு யூனிபார்ம் சட்டை வெட்டி மூட்டையா கெடக்குது, காலர் வைக்க ஆளில்ல. கோவிந்தம்மாள் பொண்ணு வேலைய வுட்டுட்டுப் போச்சு, சும்மா இருந்தேன். ஒடிசா பசங்க ஊருக்குப் போனவனுங்க திரும்பல, அப்பவும் சும்மா இருந்தேன். ஏன்? தேவயானி இருக்கான்னு. இப்ப சின்னம்மாள் வச்ச காலரு ஒரு பக்கம் காதாட்டம் தூக்கிகினு இருக்குது. ஹெட்மாஸ்டரு பாத்தாருன்னா என் மூஞ்சிலயே வீசிடுவாரு. இந்த ஆர்டரு போச்சுன்னா ஷட்டர எறக்கிட வேண்டியதுதான்.

— மூடிடுவீங்களாக்கா?

— வேற இன்னா செய்றது? ஆறு மெஷினுக்கும் நான் ஒருத்தியே மாத்தி மாத்தி உக்காரட்டுமா?

— யக்கா, குரூப்ல லொகேஷன் போட்டுட்டாங்க. பஸ்சு ஆர்.கே.பேட்டை ஆளுங்கள ஏத்திகினு ஊருக்குள்ள வந்துட்ச்சு. பத்து நிமிஷம்தான்.

— பத்து நிமிஷம் போதும் எனக்கு. ஒன்னு கேக்கறேன் தேவயானி. போறவ சொல்லிட்டுப் போவக் கூடாதா? 'அக்கா, எனக்கு நல்ல எடம் கெடச்சிருக்குது, போறேன்'னு ஒரு வார்த்தை. நான் இன்னா கையக் கட்டிப் போட்டிருப்பேனா? அதாண்டி எனக்கு ஆற மாட்டுது.

— நீங்கதானக்கா என்னை நிக்கச் சொன்னீங்க.

— நானா?

— ஆங். வாய்ஸ் அனுப்புனீங்க இல்ல? அழிக்காம வச்சிருக்கேன். தோ, கேளுங்க. 'தேவயானி, நாளைலேந்து நீ நின்னுடும்மா. உங்க மாமியாராண்ட நான் பேசிக்கிறேன்.' நீங்கதானே?

— நாந்தான். அதுக்கு இன்னா? நின்னுடுன்னுதானே சொன்னேன்?

— நின்னுடுன்னா இன்னாக்கா அர்த்தம்?

— இருன்னு அர்த்தம்! ஆறு மணியானா எல்லாரும் கெளம்பிடுறாங்க. நீ மட்டும் எட்டு வரிக்கும் நில்லு, ரெண்டு பேருமா ஆர்டர முடிச்சிடலாம்னு சொன்னேன். லேட்டானா உங்க மாமியாரு கத்துவாங்க இல்ல, அதுக்குத்தான் நான் பேசிக்கிறேன்னேன்.

— அய்யோ ஆன்ட்டி! நின்னுடுன்னா வேலைய வுட்டு நின்னுடுன்னு அர்த்தம்! எங்க மாமாவ டைல்ஸ் கடையில அப்படிச் சொல்லித்தான் வூட்டுக்கு அனுப்புனாங்க.

— யா அல்லா. இன்னா பொண்ணே சொல்ற?

— செம காமெடி போங்க.

— சிரிக்காத சௌமியா, வாய மூடு.

— எங்க வூட்டு பாஷைல ருக் ஜான்னு சொல்லுவோம்டி. போவாத, இருன்னு. அத அப்படியே தமிழ்ல திருப்பிப் போட்டேன் போல. அல்லாவே! இதே ஊர்ல பொறந்து வளந்தவ, இதே ஊர்ல கட்டிக் குடுத்தவ, ஒரு வார்த்தை சரியா வரல பாரு! அப்ப நீ என்னை வுட்டுட்டுப் போவல. நாந்தான் தொரத்திட்டேன்!

— அக்கா, அழுவாதீங்க. டீக்கடைல எல்லாம் பாக்கறாங்க.

— பாக்கட்டும். ஏறு வண்டில. போலாம்.

— கார்டு குடுத்துட்டாங்கக்கா. தோ, போட்டோ போட்டு, பேரு போட்டு.

— நானும் கார்டு அடிச்சுத் தரேன். போர்டுலயே உன் பேரப் போட்றேன். கவுசர் தேவயானி டெய்லர்ஸ். இன்னா?

— பி.எஃப் புடிக்கிறாங்க. ஒடம்புக்கு ஒன்னுன்னா ஆஸ்பத்திரி இருக்குது.

— நானும் கட்டறேன்டி.

— எங்கக்கா கட்டுவீங்க? கரண்ட் பில்லு கட்றப்ப உங்க மூஞ்சிய நான் பாத்ததில்லையா?

— சரி, கட்ட முடியாது. பொய் சொல்லல. ஆனா அங்க இன்னா வேலைன்னு சொல்லு. நீ சொல்லும்மா சௌமியா.

— செல்போனுக்கு ஒரே ஸ்க்ரூவத் திருப்பறதுதான் ஆன்ட்டி. எட்டு மணி நேரம் நின்னுகினே. பாத்ரூம் போவணும்னா லைன் லீடர் கிட்ட கேட்டுட்டுப் போவணும். எங்க அக்காவ பதினோரு மாசம் வேலை வாங்கிட்டு, போதும்மான்னு அனுப்பிச்சிட்டாங்க.

— பாத்தியா? அவங்க நின்னுடுன்னா நெஜமாவே நின்னுடுன்னு அர்த்தம். காலர் வைக்கிற கையில ஸ்க்ரூ திருப்பிகினு இருக்கியேடி.

— எனக்கு ஆவணி வந்தா முப்பத்திரண்டு முடியுதுக்கா. அதுக்கு மேல அங்க எடுக்க மாட்டாங்க.

— அதனால இன்னா? நான் எடுப்பேன். அறுபது ஆனாலும் எடுப்பேன்.

— ஆங். அதான்க்கா. அறுபது ஆனாலும் அதே மெஷினு.

— இன்னாடி இப்படிச் சொல்ற?

— ஒன்னும் இல்லக்கா.

— யக்கா, தோ திரும்பிட்ச்சு பாரு பஸ்சு. பைய எடு.

— போவாத தேவயானி. தோ பாரு, இப்ப சரியாச் சொல்றேன். இரு. போவாத. ஒரு வாரம் மட்டும் இரு, ஆர்டரு முடிச்சுக் குடுத்துட்டு அப்புறம் எங்க வேணாலும் போ.

— ஒரு வாரம் லீவு போட்டா பேர எடுத்துடுவாங்கக்கா. புது ஆளுங்களுக்கு லீவே கெடையாது.

— யக்கா, ஏறு! டிரைவர் ஆர்ன் அடிச்சிகினே இருக்கான்!

— அண்ணே, ஒரு நிமிஷம் இருண்ணே!

— வேணாம், ஏறிடும்மா. உன் பொழப்புல நான் மண்ணப் போடக் கூடாது. நானே வெளிய தள்ளிட்டு, நானே வந்து பஸ்ச மறிச்சா எப்படி? ஊரெல்லாம் உன்னை நன்றி கெட்டவன்னு சொல்லிகினு திரிஞ்சேன்டி. சின்னம்மாளாண்ட சொன்னேன், உங்க தெருவுலயே நின்னு சொன்னேன். இன்னிக்கே போயி எல்லார்கிட்டயும் சொல்றேன், தப்பு என்னுதுதான்னு. என்னை மன்னிச்சுடு தாயே. இந்த வாய்... இந்த வாய்தான்... இதை உடைக்கணும்...

— அக்கா, வாயில அடிச்சிக்காதீங்க! கைய எடுங்க! யாராண்டயும் போயி ஒன்னும் சொல்லாதீங்க. ஒம்போது வருஷமா உங்க தமிழத்தான கேட்டுகினு இருக்கேன்... நீங்க இருன்னுதான் சொன்னீங்கன்னு எனக்கு அன்னிக்கே புரிஞ்சிட்ச்சுக்கா.