எண்ணெய் பூசிய பலகை

மரத்தளத்தில் பாசி பிடிப்பதற்கு எல்லாரும் மழையைக் குறை சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் நிழல்தான் காரணம்.

மெர்சிங் கடலோரத்தில் துரைமார் வந்து தங்கும் பங்களாவில் நான் வேலை பார்த்தேன். அதன் பின்புறம், பாறைகளுக்கு மேலே உயரமாகத் தூண் நட்டுப் போட்ட திறந்த மரத்தளம் ஒன்று உண்டு. அடைமழை ஓய்ந்ததும் அதைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. தேங்காய் மட்டையும் மணலும் போட்டுத் தேய்ப்பேன். சாம்பல் தண்ணீர் விட்டுக் கழுவுவேன். பலகை நன்றாகக் காய்ந்த பிறகுதான் குங்கிலியம் கலந்த மர எண்ணெயைச் சூடாகப் பூச வேண்டும்.

உளுத்த பலகைக்கு மட்டும் எண்ணெய் பூச மாட்டேன். மாற்றுப் பலகை வர நாளாகும். அதுவரை அது வெளுத்தே கிடக்கும். வெளுத்ததில் கால் வைக்கக் கூடாது, எண்ணெய் குடித்துக் கறுத்ததில் தைரியமாக நடக்கலாம். துரைமாருக்கும் இது தெரியும். என் மகள் சந்திரமதி நடை பழகியதே அந்தத் தளத்தில்தான். வெளுத்த பலகை வந்தால் தாண்டிக் குதித்துப் போவாள்.

அவள் அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பெக்கோக் ரயில் ஸ்டேஷனில் வேலை பார்க்கும் வீரமுத்துவை அவளுக்குப் பேசி முடித்ததும் நான்தான். நல்ல பையன். பரிசம் போட்ட பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவேன். தேய்த்த இடத்தையே திரும்பத் தேய்த்தேன்.

"ஏப்பா, இந்தப் பலகைக்குக் காட்டுற எண்ணெயில ஒரு சொட்டு என் தலைக்குக் காட்டியிருக்கியா?" என்று சிரித்தாள்.

"கல்யாணத்தக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா, தாயி?"

"நீதானப்பா பேசி முடிச்ச. தள்ளவும் இழுக்கவும் நான் என்ன சம்பான் படகா?"

சமையல்காரர் அய்யூப் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "அய்யாவண்ணே, புள்ளய விட மனசில்லன்னா நீங்களும் சீரோட சீரா வண்டியேறிப் போயிருங்க லா."

நானும் சிரித்தேன்.

தளத்தின் கடலோர ஓரத்தில் துணிக்கொடி கட்டியிருந்தது. அங்கே துணி காயப்போடுவது அவள் மட்டும்தான். கொடிக்கு முன்னால் இருந்த பலகை அந்த வருடம் உளுத்துவிட்டது. அதற்கு எண்ணெய் பூசினேன். உளுத்த மரம் எண்ணெயை நன்றாகக் குடிக்கும். எல்லாவற்றிலும் அதுதான் கருகருவென்று வந்தது.

கால் உள்ளே போகும், எலும்பு முறியும், பெக்கோக்காரர்கள் வேறு பெண் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். கஞ்சி வைத்துக் கொடுக்க நான் இருக்கிறேன். அன்று கடல் வற்றி, கீழே பாறை தெரிந்தது. அதைப் பார்க்கவில்லை என்று நான் எழுத மாட்டேன்.

ஈரத்துணியோடு வந்து நின்றாள்.

"எல்லாம் கறுப்பா இருக்கே. இந்த வருசம் ஒண்ணுகூடக் கெட்டுப்போகலையாப்பா?"

"நல்லாத்தான் இருக்கு தாயி. நட" என்றேன்.

நடந்தாள்.

விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் உப்புக்காற்று மரத்தைத் தின்றுவிட்டது என்றேன். வீரமுத்து என் தோளில் சாய்ந்து அழுதான். அவனை நான்தான் தேற்றி, ரயிலேற்றிவிட ஓர் ஆளையும் கூட அனுப்பினேன்.

பங்களாவுக்குப் பின்னால் சவுக்குமரத்தடியில் அவளைப் புதைத்தோம். என் அறையிலிருந்து பார்த்தால் தெரியும். பெக்கோக்குக்குப் போயிருந்தால் தீபாவளிக்குத் தீபாவளிதான் வந்திருப்பாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த எந்த அப்பனுக்கு மகளைத் தினமும் பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறது, சொல்லுங்கள்.