மூணு வராத நாலு

நெருங்கி உக்காருங்க. அந்த டார்ச்ச மேல பாத்து வைடா, என் மூஞ்சில அடிக்காத. கரண்ட் வர ஒரு மணி நேரமாவது ஆகும்னு வாட்ச்மேன் சொல்லிட்டாரு. இருட்டுல ஸ்பீக்கர் பெட்டியத் தூக்கி எவன் கால் மேலயாவது போடுறதுக்கு, சும்மா உக்காந்து ஒரு பேய்க் கதை கேக்கலாம்.

மத்தியானம் ரெண்டரை மணி...

சிரிக்காதீங்க. பேய்க்கு மணி பாக்கத் தெரியுமா என்ன? ரெண்டரை மணிதான். மண்டையப் பொளக்குற வெயில். ரெண்டு பக்கமும் காஞ்ச நிலம். மரம் இல்ல, கடை இல்ல, கிலோமீட்டர் கல்லு கூட பாதி புதைஞ்சு கிடக்கு. தாரு இளகி டயர்ல ஒட்டுது... சர்ர்ர்னு ஒரே சத்தம். அந்த ரோட்டுல ஒரு வேன். உள்ள நாலு பேரு. ஓட்டுறவரு என் சிநேகிதனோட அக்கா புருஷன். குரூப்ல டிரம்ஸும் அவர்தான்.

நம்ம மாதிரி அடுத்தவன் மேடைக்குப் பெட்டி தூக்குற ஆளுங்க இல்ல அவங்க. சொந்த பேண்ட். வயக்காட்டுல பாடுறது, படகுல பாடுறது, அந்த மாதிரி பழைய மெட்டா தேடிப் பிடிச்சு எலக்ட்ரிக் கிட்டார்ல வாசிப்பாங்க. போஸ்டர்ல ரூட்ஸ் ராக்னு போட்டுக்குவாங்க. பதினோரு வருஷம் எந்தக் கம்பெனி தயவும் இல்லாம, அந்த ஓட்ட வேன வெச்சே ஊர் ஊராப் போனாங்க.

முன்னாடி நின்னு பாடுறவன் ஒருத்தன், பாட்டுக்காரன். கிட்டார் வாசிக்கிறவன் ஒல்லி. பேஸ் கிட்டார் வாசிக்கிறவர எல்லாரும் பெருசுன்னு கூப்பிடுவாங்க. வயசு என்னமோ நாப்பத்தி ரெண்டுதான், தலை மட்டும் சீக்கிரமே நரைச்சுப் போச்சு. அவங்க பாட்டுல முக்கால்வாசி, அந்தப் பழைய மெட்ட வெச்சு பெருசு கட்டினது. பாட்டுக்காரனுக்கு வாய் மட்டும்தான் சொந்தம்.

அவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இத நல்லா கேட்டுக்குங்க. மத்த குரூப்ல டிரம்ஸ்காரர் குச்சியத் தட்டி ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணுவாரு, பாட்டு தொடங்கும். இவங்க ஆளுக்கு ஒரு எண்ணு. பாட்டுக்காரன் ஒண்ணு. ஒல்லி ரெண்டு. பெருசு மூணு. டிரம்ஸ்காரர் நாலு. எவனாவது ரெடி இல்லன்னா வாயத் திறக்க மாட்டான். அவன் சொல்ற வரைக்கும் பாட்டு இல்ல. ஒரு தடவ மேடையில பெருசோட கம்பி அறுந்து போச்சு. அவரு வேற கம்பி மாட்டி முடிக்கிற வரைக்கும் மொத்த ஹாலும் அவரு வாயப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. வண்டி கிளப்புறதுக்கும் இதே எண்ணிக்கைதான். எங்கயாவது யாரையாவது விட்டுட்டு வந்துடக் கூடாதுன்னு பெருசே போட்ட சட்டம்.

அன்னிக்கு அந்த வேன்ல, பெருச குரூப்ப விட்டுத் தூக்கப்போறோம்னு அவர்கிட்டயே சொல்லிக்கிட்டிருந்தாங்க.

முந்தின நாள் ஒரு மேனேஜர் வந்திருந்தான். உங்களப் பெரிய மேடைக்குக் கொண்டு போறேன்னான். ஆனா போட்டோவுல அந்த நரைச்ச ஆளு உங்கப்பா மாதிரி நிக்கிறாரு, அவரு வேணாம்னான். பதினோரு வருஷத்த எடைபோட மூணு பேருக்கும் ஒரு ராத்திரி போதுமா இருந்துச்சு.

பெருசு கத்தல, சண்டை போடல. "வண்டிய நிறுத்து. ரெண்டு நிமிஷம் குடுங்கடா"ன்னாரு. இறங்கிப் போயி ரோட்டோரமா முதுகக் காட்டிக்கிட்டு நின்னாரு. சட்டையத் தூக்கி முகத்தத் தொடைக்கிறாரு... தொடைச்சுக்கிட்டே இருக்காரு. பேஸ் கிட்டார் வண்டியில. போன் கிட்டார் உறைக்குள்ள. தண்ணி பாட்டில் சீட்டு மேல. கையில ஒண்ணும் இல்ல.

பாட்டுக்காரன் பொறுத்துப் பாத்தான். அப்புறம், "போதும் நாடகம். ஒண்ணு"ன்னான்.

ஒல்லி தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு, "ரெண்டு"ன்னான்.

அடுத்து மூணு வரணும்... இஞ்சின் ஓடிக்கிட்டிருக்கு. பாட்டுக்காரன் டிரம்ஸ்காரர் பக்கம் திரும்பி, "போ. பத்து நிமிஷம் கழிச்சு வந்து ஏத்திக்கலாம். கொஞ்சம் காயட்டும்"ங்கிறான்.

இவரு "நாலு"ன்னு சொல்லிட்டு கியரப் போட்டாரு.

பத்து நிமிஷம் இருபதாச்சு. இருபது நாப்பதாச்சு. பஸ் பிடிச்சு வந்துடுவாருன்னான் ஒல்லி. அந்த ரோட்டுல பஸ் கிடையாது. மூணு பேருக்குமே அது தெரியும்.

மறுநாள் காலையில தகவல் வந்துச்சு. வேன் நின்ன இடத்துல இருந்து மூணு கிலோமீட்டர் தள்ளி, ரோட்டோரப் பள்ளத்துல கிடந்தாராம். ஏதோ லாரி அடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கு. கால்ல ஒரு செருப்புதான் இருந்துச்சு. இன்னொரு செருப்பு, வேன் நின்ன இடத்துலயே வார் அறுந்து கிடந்துச்சாம்.

அவரு பொண்டாட்டிகிட்ட போயி பேசினது நம்ம டிரம்ஸ்காரர். அந்தம்மா கையால நிறைய சோறு தின்னவரு, அதனால அவர அனுப்பினாங்க. "அண்ணி, அவரேதான் கோவிச்சுக்கிட்டு இறங்கிட்டாரு. நீங்க போங்கடா, நான் வந்துக்கிறேன்னாரு"ன்னு சொன்னாரு. அந்தம்மா அழல. ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "பேஸ விட்டுட்டா இறங்கினாரு?"

குளிக்கப் போனாக்கூட அத அறைக்குள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போற மனுசன். இவரு, "ஆமா அண்ணி, பத்திரமா கொண்டு வாங்கன்னாரு"ன்னாரு. அதுவரைக்கும் சொன்னது கூடப் பாதிப் பொய். இது முழுப் பொய்.

இப்பத்தான் கதையே தொடங்குது. யாருடா அங்க கால ஆட்டுறது? நிறுத்து.

பெருசு சாகுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஆல்பம் பதிவு பண்ணியிருந்தாங்க. எட்டுப் பாட்டு. நாலு பேரும் ஒரே ரூம்ல உக்காந்து, மேடையில வாசிக்கிற மாதிரியே சேந்து வாசிச்சது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி அந்த எண்ணிக்கையும் பதிவாயிருக்கு. மேனேஜரு, செத்தவர் பேரும் வேணாம் குரலும் வேணாம், போஸ்டர்ல மூணு பேருன்னா மூணு பேர்தான்னுட்டான். பேஸுக்கு வேற ஆளக் கூப்பிட்டு வாசிக்க வெச்சாங்க. பெருசோட மைக்குல பதிவானத மொத்தமா அழிச்சாங்க.

அழிச்சிட்டுப் போட்டுக் கேட்டா... ஒண்ணு. ரெண்டு. தூரத்துல, கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி... மூணு. நாலு.

பயப்படாதீங்க, இது பேய் இல்ல. ரெக்கார்டிங் பண்றவரே சொல்லிட்டாரு. ஒரே ரூம்ல நாலு மைக்கு வெச்சா, ஒருத்தன் குரல் பக்கத்து மைக்குலயும் கொஞ்சம் விழும். அவரு மைக்க அழிச்சாச்சு, ஆனா பக்கத்துல இருந்த டிரம்ஸ் மைக்குல அவரு இருக்காரு. அவரப் போக்கணும்னா டிரம்ஸ மறுபடி முதல்ல இருந்து வாசிக்கணும்.

டிரம்ஸ்காரர் வாசிக்க வந்தாரு. மத்தியானம். ரூமுக்குள்ள அவரு மட்டும். சுவர் பூரா பஞ்சு ஒட்டி, கதவு இடுக்குல ரப்பர் அடிச்ச ரூம். சத்தம் விழும்னு ஃபேன நிறுத்திடுவாங்க. வேர்வையும் ஹெட்போன் தோலும் கலந்து ஒரு வாடை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிங்காரர். ஹெட்போன்ல பழைய பதிவு ஓடும்... பாட்டுக்காரன் ஒண்ணும்பான், ஒல்லி ரெண்டும்பான், நடுவுல வெறுமை, அப்புறம் இவரு நாலு சொல்லிட்டு அடிக்கணும்.

சொன்னாரு. அடிச்சாரு. போட்டுக் கேட்டாங்க.

புது டிரம்ஸ் மைக்குல, மூணு இருக்கு.

ஹெட்போன்ல இருந்து ஒழுகியிருக்கும்னாரு ரெக்கார்டிங்காரர். ஹெட்போன மாத்தினாரு. பழைய பதிவையே நிறுத்திட்டாரு. இப்ப காதுல ஒண்ணுமே இல்ல, வெறும் அமைதி. நீங்களே மனசுக்குள்ள எண்ணிட்டு நாலு மட்டும் சொல்லுங்கன்னாரு. அதுவும் ஆச்சு. கேட்டாங்க... மூணு, முன்ன விடக் கிட்ட. அறை நடுவுல நின்னு சொல்ற மாதிரி. பஞ்சு ஒட்டின அந்த ரூமுக்குள்ள வெயில்ல காஞ்ச தார் வாடை. ரெக்கார்டிங்காரர் வெளியில போயி, எங்கயாவது ரோடு போடுறாங்களான்னு பாத்துட்டு வந்தாரு. எங்கயும் போடல.

மூணாவது தடவ இவரு நாலு சொல்லவே இல்ல. குச்சியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. ஒரு நிமிஷம்... ரெண்டு நிமிஷம். மிஷின் ஓடிக்கிட்டிருக்கு. ரெக்கார்டிங்காரர் வெறுத்துப்போயி நிறுத்திட்டு, என்னதான் விழுந்திருக்குன்னு போட்டாரு.

எண்ணு இல்ல. காலடிச் சத்தம்.

சப்... தொப்... சப்... தொப்.

ஒரு கால்ல செருப்பு. ஒரு கால் வெறுங்காலு. யாரோ ஓடுறாங்க. மூச்சு வாங்குது. ஓடிக்கிட்டே இருக்காங்க. நெஞ்சு கிழியுற மாதிரி இழுத்து இழுத்து... நடுநடுவுல, "டேய்"... "டேய்"... அவ்வளவுதான். கோவமா கூட இல்லையாம். விளையாட்டுக்குப் போறாங்க, நின்னுடுவாங்கன்னு நினைச்சுக் கூப்பிடுற குரல்.

ரெக்கார்டிங்காரர் சத்தத்தக் குறைச்சாரு. "யாருங்க ஓடுறது?"ன்னாரு.

டிரம்ஸ்காரருக்குத் தெரியும். ஏன்னா அவரு அன்னிக்கே கண்ணாடியில பாத்தாரு. அந்த ரெண்டரை மணி வெயில்ல, வண்டி கண்ணாடியில, நரைச்ச தலை ஒண்ணு கையத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றதப் பாத்தாரு. பாத்துட்டுத்தான் அடுத்த கியரப் போட்டாரு. ஒல்லிகிட்ட சொல்லல, பாட்டுக்காரன்கிட்ட சொல்லல, தன் பொண்டாட்டிகிட்டயும் சொல்லல. பின்னாடி பாக்கவே இல்லன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தாரு. ரொம்ப நாள் கழிச்சு என் சிநேகிதன்கிட்டதான் இத ஒத்துக்கிட்டாரு.

அந்தப் பதிவு எவ்வளவு நேரம் ஓடுச்சு தெரியுமா? ரூம்ல மிஷின் ஓடினது ரெண்டு நிமிஷம்தான். பதிவு இருபத்தி மூணு நிமிஷம். மூணு கிலோமீட்டர் ஓட அவ்வளவு ஆகும்ல. கடைசில ஒரு ஹாரன். அதோட முடிஞ்சுது.

அன்னிக்குச் சாயந்தரமே அந்தப் பேஸ் கிட்டாரத் தூக்கிக்கிட்டு அந்தம்மா வீட்டுக்குப் போனாரு. சொல்லிடணும்னுதான் போனாரு, அத நான் மறுக்கல. அந்தம்மா கதவப் பாதி திறந்து நின்னாங்க. அவங்க பின்னாடி மேஜை மேல அந்த ஒத்தச் செருப்பு, பேப்பர் விரிச்சு வெச்சிருந்துச்சாம்.

"நீங்க அன்னிக்குச் சொன்னது நிஜம்னா அத உள்ள கொண்டு வந்து வைங்க. பொய்னா நீங்களே எடுத்துட்டுப் போங்க. எங்கிட்ட ஒண்ணும் விளக்கம் சொல்ல வேணாம்"னாங்க.

இவரு கிட்டாரத் தோள்ல இருந்து கழட்டி ஒரு படி ஏறினாரு. அப்புறம் அத மறுபடி தோள்ல மாட்டிக்கிட்டு படி இறங்கிட்டாரு. பின்னாடி தாப்பாள் விழுந்த சத்தம் கேட்டுச்சு.

ஆல்பம் வந்துச்சு. வேற யாரோ வந்து டிரம்ஸ் அடிச்சாங்க, அந்தப் பதிவுல ஒரு தொந்தரவும் இல்லையாம். எட்டுப் பாட்டுலயும் பாட்டு எழுதினது, மெட்டுப் போட்டது எல்லாம் பாட்டுக்காரன் பேருதான். சௌக்கியமா இருக்கான். ஒல்லி வீடு கட்டிட்டான். எனக்கு அதுதான் வயித்தெரிச்சல். போன்னு சொன்னவன விட்டுட்டு, போனவனப் பிடிச்சிருக்கு பாருங்க. பேய் கூட ஆள் பாத்துத்தான் நியாயம் பேசும் போல.

டிரம்ஸ்காரர் அதுக்கப்புறம் குச்சியத் தொடல. இப்ப ஒரு பார்சல் கம்பெனியில வேன் ஓட்டுறாரு. போன மாசம் என் சிநேகிதன் ஒரு வேலையா அவரோட அந்த வேன்ல போனான். காலையில ஆறு மணி. பின்னாடி பார்சல் ஏத்தி, கதவப் பூட்டி, சாவியக் கொண்டு வந்து குடுத்துட்டாங்க. இவரு ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா, "ஒண்ணு"ன்னாரு. கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு"ன்னாரு. அப்படியே உக்காந்திருக்காரு. சாவியத் திருப்பல.

அந்த ஆறு மணிக் குளிர்ல தார் வாடை அடிச்சுதாம். பூட்டின வண்டியோட பின்பக்கம் லேசா அமுங்குச்சாம், யாரோ ஏறின மாதிரி.

"நாலு"ன்னு சொல்லிட்டு இவரு வண்டிய எடுத்தாரு.

இவன் கேட்டிருக்கான், "மாமா, நடுவுல எனக்கு ஒண்ணுமே கேக்கலயே?"

"உனக்கு எதுக்கு மாப்ள கேக்கணும்?"

"ஒரு நாளைக்கு உங்களுக்கும் கேக்கலன்னா?"

"வண்டிய எடுக்க மாட்டேன்."

நான் இதெல்லாம் சுலபமா நம்புற ஆள் இல்ல. அந்தப் பார்சல் கம்பெனியில என் சித்தப்பா பையன்தான் சூப்பர்வைசர். வண்டி கிளம்புற நேரத்த நோட்டுல எழுதுறவனே அவன்தான். அவன்கிட்ட விசாரிச்சேன்.

ரெண்டு வருஷமா, அந்த வண்டி ஒரு நாள் கூட லேட்டா கிளம்பினதில்லையாம்.