ஆறாத கால்

கால் கொப்புளத்தை ஊசியால் குத்தக் கூடாது என்பார்கள். தாராளமாகக் குத்தலாம். ஊசி சுத்தமாக இருக்க வேண்டும், குத்தியபின் தோலை உரிக்காமல் விட வேண்டும், அவ்வளவுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீதிபதி ஐயா, என் கையில் எத்தனையோ பேருடைய கால்கள் ஆறியிருக்கின்றன. ஒரே ஒரு காலை வைத்துக்கொண்டு என்னை எடைபோடுவது நியாயமில்லை.

உட்காரச் சொன்னதற்கு நன்றி. நான் நின்றே பேசுகிறேன். நடுவில் ஜன்னல் வரை நடந்துவிட்டு வந்தால் தப்பாக நினைக்காதீர்கள். ஒரே இடத்தில் இருந்தால் என் கால்களுக்குள் எறும்பு ஊர ஆரம்பித்துவிடும்.

என் பெயர் ஒப்துலியா. இந்த ஊரில் எல்லாருக்கும் என்னைத் தெரியும். சாந்தா இரியா ஹோட்டல், ஹோட்டலாவதற்கு முன் ஆஸ்பத்திரியாக இருந்தபோதே நான் அங்கே இருந்தேன். புனித யாக்கோபின் பேராலயம் இருக்கிற சந்தியாகோவுக்கு நடந்து போகிற யாத்திரிகர்களுக்காக ஏதோ ஒரு ராணி கட்டி வைத்தது. என் அம்மா அங்கேதான் செத்தாள். கன்னியாஸ்திரீகள் என்னை வைத்துக்கொண்டு, தரை துடைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பெரிய கூடத்தில் நோயாளிகள் இரண்டு வரிசையாகப் படுத்திருப்பார்கள். கடைசிக் கட்டிலுக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம், என் பாய். ஒருவர் இருமுவார், ஒருவர் தண்ணீர் கேட்பார், ஒருவர் தூக்கத்தில் மாட்டை விரட்டுவார். அந்தச் சத்தத்தில் நான் கல் மாதிரி தூங்குவேன்.

பிறகு லூகோ நகரத்தில் புது ஆஸ்பத்திரி கட்டினார்கள். நோயாளிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கொத்தனார்கள் வந்தார்கள். இப்போது அந்தக் கூடம் சாப்பாட்டு அறை. உடம்பில் நீர் கோர்த்து வீங்கிப்போய் தொமாஸ் என்கிற நோயாளி படுத்திருந்த இடத்தில் கண்ணாடித் தொட்டியில் சிங்கறால் நீந்துகிறது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மேனேஜர் தபோவாடா நல்ல மனிதர். என்னை அறைப் பணிப்பெண்களுக்கெல்லாம் தலைவியாக்கினார். கறுப்பு உடை, இடுப்பில் சாவிக்கொத்து.

ஆனால் அங்கே யாரும் தங்குவதில்லை, ஐயா. சாயங்காலம் காரில் வருகிறார்கள், காலையில் போய்விடுகிறார்கள். தலையணையில் ஒரு பள்ளம் விழும், மறுநாள் அதை நான் தட்டிச் சரிசெய்துவிட வேண்டும். படுத்தால் தூக்கம் வராது. எழுந்து தாழ்வாரம் முழுக்க நடப்பேன், மாடி ஏறுவேன், இறங்குவேன், பூட்டின கதவையே திரும்பப் பூட்டுவேன். டாக்டர் எலாதியோ சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார். "உங்களுக்கு ஒரு நோவும் இல்ல ஒப்துலியா. வேலைதான் பத்தல" என்று சிரித்தார். அவர் சொன்னது சரிதான்.

ஹோட்டலில் நான்கு முற்றங்கள். நான்காவது, சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருப்பது. விருந்தாளிகள் அங்கே வருவதில்லை. பழைய வழக்கத்தை விடக் கூடாது என்று, நடக்க முடியாமல் வருகிற யாத்திரிகருக்காக அங்கே ஒரு அறையைக் காசில்லாமல் கொடுக்க முடிவு செய்தார் மேனேஜர். "ஒரு கட்டில் போதும். பேப்பர்காரங்க வந்தா போட்டோ புடிச்சுக்குவாங்க" என்றார். அறையை என் பொறுப்பில் விட்டார். அதன்பின் ஒரு தடவைகூட அவர் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை.

முதலில் வந்தது ஒரு ஜெர்மன் பையன். கணுக்கால் வீங்கியிருந்தது. அவன் அங்கே படுத்த அன்று நான் நடக்கவில்லை. அடுத்த அறையில் படுத்து, சுவர் வழியாக அவன் குறட்டையைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். இதில் யாருக்கு என்ன கெடுதல்?

அப்புறம் பூர்கோஸிலிருந்து ஒரு பெண். குதிகாலில் புண். இளம் உடம்பு, சீக்கிரம் ஆறப் பார்த்தது. சீக்கிரம் மூடுகிற புண் உள்ளே கெட்டுப்போகும் என்று பெரிய சிஸ்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் நான் கொஞ்சம் நிதானப்படுத்தினேன். புதுத் தோல், பால் மேல் ஆடை படிகிற மாதிரி மெல்லிசாகப் படியும். காலையில் ஈரத்துணியால் அதை எடுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். வலித்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள் என்பதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். போகும்போது அழுதாள். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறாள்.

வெனான்சியோ வந்தது ஜூன் மாதக் கடைசியில். பாலென்சியாக்காரர். உயரம், ஒல்லி, நரைத்த மீசை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இடது குதிகாலில் கொப்புளம் உடைந்து, உள்ளங்கை அளவுக்குப் புண். அந்தக் காலோடு வாசலில் நின்று ஜோக் அடித்துக்கொண்டிருந்தார்.

"இது ரயிலுக்குள்ளயே நடந்த காலும்மா. ரயிலு ஓடும், அதுக்குள்ள நானும் ஓடுவேன். எங்கப்பா கடலுக்கு நடந்தே போயிட்டு வர்றாருன்னு எம்பொண்ணு கேலி பண்ணுவா."

"அப்ப இப்பவாவது உக்காருங்க" என்றேன்.

"உக்காந்தா துருப்புடிச்சிடும்."

அந்தப் பெண்தான் டெல்ஃபினா. அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து பிறந்து இறந்துவிட்டன. மூன்றாவது தங்கினால் சந்தியாகோவுக்கு நடந்தே வருகிறேன் என்று இவர் புனித யாக்கோபுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். பெண் குழந்தை, தங்கிவிட்டது. ஜூலையில் புனிதர் திருநாளன்று டெல்ஃபினா குழந்தையோடு ரயிலில் வந்து பேராலயத்து வாசலில் நிற்பாள், இவர் நடந்து போய்ச் சேருவார். இதுதான் ஏற்பாடு. வாய் ஓயாமல் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். பேத்தி எப்படி அழுவாள் என்று செய்து காட்டுவார். முதலில் ஒரு விக்கல், அப்புறம் சின்னதாக இரண்டு, அப்புறம் ஒரு பெரிய இழுப்பு. மீசை வைத்த மனிதர் அப்படி அழுது காட்டினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

டாக்டர் வந்து பார்த்தார். "நாலு நாள் காலத் தூக்கி வெச்சுப் படுங்க. அப்புறம் ஓடுங்க. சந்தியாகோ எங்கயும் போயிடாது." அவர் கெட்டிக்காரர். சொன்ன மாதிரியே நான்காம் நாள் புண் இளஞ்சிவப்பாகிவிட்டது. வெனான்சியோ விடிந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வலது காலுக்குப் பூட்ஸ் மாட்டி நாடாவையும் கட்டிவிட்டார். நான் இடது காலின் கட்டைப் பிரித்துப் பார்த்தேன்.

"இன்னும் ஆறல" என்றேன்.

தன் குதிகாலைத் தானே பார்த்துக்கொள்வது எளிதல்ல, ஐயா, அதுவும் வயதான முதுகுக்கு. மற்றவர் கண்ணைத்தான் நம்ப வேண்டும். அவர் என் கண்ணை நம்பினார். பூட்ஸைக் கழற்றினார்.

டாக்டரிடம், யாத்திரிகர் கிளம்பிவிட்டார் என்று சொன்னேன். மேனேஜரிடமும் அப்படியே. அதைப் பொய் என்று எழுதுகிறீர்கள். சரி, எழுதுங்கள். அன்றைக்குக் கிளம்ப இருந்தவர்தானே.

அதற்கப்புறம் காலையில் கட்டு மாற்றுவேன். மத்தியானம் கீரை போட்ட கஞ்சிச்சாறு, ரொட்டி. சாயங்காலம் அவர் ஸ்டேஷன் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொல்வார். டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட பாதிரியார் கதை சொல்வார். மகளுக்குத் தந்தி கொடுக்கச் சொன்னார். கொடுத்துவிட்டேன் என்றேன். "நீங்க ரயில்வேயில இருந்திருக்கணும்மா. ஒரு வண்டியயும் நேரத்துக்கு விட மாட்டீங்க" என்றார் ஒருநாள். இருவரும் சிரித்தோம். அந்த நாட்களில் நான் தூங்கிய தூக்கத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன். கனவுகூட வரவில்லை.

ஒருநாள் நான் இல்லாதபோது சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்து, சலவைக்கூட வாசலில் விழுந்துவிட்டார். துணி துவைக்கிற ரமோனாவும் நானும்தான் தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்தோம். ரமோனா மூக்கைச் சுளித்தாள்.

"அக்கா, நாத்தம் வருதே. டாக்டரக் கூப்பிடலாம்ல?"

"காலையிலதான் வந்துட்டுப் போனார்."

"நான் பாக்கலையே."

"நீ எங்க பார்த்த, பைப்படியிலயே கதை பேசிக்கிட்டு நின்னா."

அன்று அவருடைய பூட்ஸைக் கொதிகலன் அடுப்பில் போட்டேன். ஈரம் ஊறிப் பூஞ்சை பிடித்திருந்தது. அதை மறுபடி போட்டால் கால் கெட்டுப்போகும்.

திருநாளன்று ஊரில் வாணவேடிக்கை விட்டார்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த வாரம் கணுக்காலிலிருந்து மேலே ஒரு சிவப்புக் கோடு ஏற ஆரம்பித்தது. அது என்ன என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். கூடத்தில் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் அதற்கு மருந்து இருப்பதும் தெரியும். ஆனால் டாக்டர் வந்தால் வண்டி வரும், வண்டி வந்தால் லூகோ. லூகோவுக்குப் போனவர்கள் ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அங்கே அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்? நேரத்துக்கு ஒருத்தி மாறி மாறி வருவாள். அவர் சொல்கிற ஸ்டேஷன் கதையைக் கேட்கக்கூட ஆள் இருக்காது.

ஒரு காலையில் கட்டைப் பிரிக்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்தார். கை கொதித்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா? என்னை விட்டுடுங்கம்மா."

"உங்கள யாரு புடிச்சு வெச்சிருக்கா?" என்றேன்.

வெகுநேரம் என்னையே பார்த்தார். அப்புறம் காலை நீட்டினார். அவராகத்தான் நீட்டினார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டெல்ஃபினா வந்தது அதற்கு அடுத்த நாள். சந்தியாகோவில் காத்திருந்து பார்த்துவிட்டு, யாத்திரிகர்கள் நடந்து வருகிற பாதையில் கிழக்காகத் திரும்பி, ஒவ்வொரு சத்திரமாக விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். இடுப்பில் குழந்தை, முட்டி வரைக்கும் புழுதி. மேனேஜர் என்னிடம் அனுப்பினார். நான்காம் முற்றத்தில் காயப்போட்டிருந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே அவளைப் பார்த்தேன். துவைக்கிற கல்மேல் உட்காரவைத்து ஒரு கிண்ணம் சாறு கொடுத்தேன். பசியோடு குடித்தாள். அப்பாவின் மூக்கு.

"எங்கப்பாம்மா. உயரமா இருப்பார். ரயில்வேக்காரர். ஓயாம பேசுவார்."

"ஞாபகம் இருக்கும்மா. கால் ஆறுனதும் கெளம்பிட்டார். சிரிச்சுக்கிட்டேதான் போனார்."

"எந்தப் பக்கமா போனாரு?"

சந்தியாகோ சாலையில் இருக்கிற பாலத்தின் பக்கம் கை காட்டினேன். அப்போது குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. முதலில் ஒரு விக்கல். அப்புறம் சின்னதாக இரண்டு. அப்புறம் வீறிட்டது.

விரிப்புகளுக்குப் பின்னாலிருந்து, "டெல்ஃபி" என்று ஒரு குரல் வந்தது. பெரிய குரல் இல்லை. தொண்டை காய்ந்த குரல்.

அவள் தலையைத் தூக்கினாள். "யாரு அது?"

"சலவைக்காரிங்க. ஒருத்திய ஒருத்தி கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க."

குழந்தை அழுத அழுகையில் அவளுக்கு மேற்கொண்டு எதுவும் காதில் விழவில்லை. குழந்தைக்குப் பால் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன்.

அவர் முழங்கையை ஊன்றி எழுந்திருந்தார். ஒரு கை ஜன்னல் சட்டத்தைப் பிடித்திருந்தது. பல நாளாகக் கலங்கிக் கிடந்த கண்கள் தெளிவாக இருந்தன.

"அம்மா, அது எம்பேத்தி. எம்பேத்தி அழுவுறாம்மா."

"படுங்க" என்றேன். அவர் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டத்திலிருந்து எடுத்து, கையைப் போர்வைக்குள் வைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். கொக்கி போட்டேன். ஒரு கோப்பைப் பாலை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

குழந்தை குடித்து முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன். டெல்ஃபினா என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். "எங்கப்பாவ நல்லாப் பாத்துக்கிட்டீங்க. ஆண்டவர் உங்களுக்கு நல்லது செய்வார்" என்றாள். பாலத்தின் பக்கமாகப் போனாள்.

அவர் பொழுது சாய்வதற்கு முன் போனார். நான் பக்கத்தில் இருந்தேன், கையைப் பிடித்திருந்தேன். என் காலத்தில் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் தனியாகச் செத்ததில்லை. விரிப்புகளை எடுக்க வந்த ரமோனா எட்டிப் பார்த்துவிட்டுக் காவல் நிலையத்துக்கு ஓடினாள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

ஆம், ஐயா. தோலை எடுத்தது நான். டாக்டரை வரவிடாதது நான். தந்தி கொடுக்காதது நான். மகளைத் திருப்பி அனுப்பியதும் நான்தான். எதையும் நான் மறுக்கவில்லை. ஒரு கூடமே நிறைந்திருந்த இடத்தில் ஒரே ஒருவரை வைத்துக்கொண்டேன். அது பெரிய ஆசையா என்று நீங்களே சொல்லுங்கள். வெளியே பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பதை வரும்போது பார்த்தேன். என்னைப் பார்த்துக் குழந்தையை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். மனசு கஷ்டப்பட்டது. பால் கொடுத்தவள் நான்.

ஜன்னலை ஏன் சாத்தினாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஜுரக்காரருக்குக் குளிர்காற்று ஆகாது. அன்றைக்குக் காற்றே இல்லை, கொடியில் ஒரு விரிப்புக்கூட அசையவில்லை என்று ரமோனா சொல்லியிருக்கிறாளாம். அவளுக்கு என்ன தெரியும். அந்த முற்றத்தில் எப்போதும் காற்று உண்டு.