கதவைச் சாத்த விடாதவள்

—சுடுதண்ணி வேண்டாம் டீச்சர், மூணு தடவை கேட்டுட்டீங்க. ஒரு வாய் தண்ணிகூட இறங்காத அம்மாவை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்திருக்கேன். குடுக்கறதா இருந்தா எங்கம்மா பேசின அந்தப் பதிவைக் குடுங்க.

—லாமெய், பொறுங்க. முதல்ல உக்காருங்க.

—பஸ் ஓட்டறவ நான். நாள் பூரா உக்காந்துதான் கிடக்கேன், இன்னைக்கு நின்னுக்கறேன். இந்தாங்க, இந்தத் தாளைப் பாருங்க. எங்கம்மா தலகாணி உறைக்குள்ள இருந்துச்சு. கீழ சிவப்பு மையில கைநாட்டு, அது எங்கம்மாவுது. மேல பல்கலைக்கழகத்துப் பேரு, பாங் டீச்சர்னு உங்க பேரு, போன் நம்பரு. தேதி ஆறு வருஷத்துக்கு முந்தி. எங்கம்மா உங்ககிட்ட என்ன சொன்னா?

—அதாவது, அது ஒரு ஆராய்ச்சி. பிள்ளை பெத்துக்கறதுக்கு சர்க்கார்கிட்ட அனுமதிச் சீட்டு வாங்கின காலம் இருக்கே, அதை ஜனங்க இப்ப எப்படி நினைவு வெச்சிருக்காங்கன்னு வீடு வீடாப் போய்க் கேட்டோம். அறுபத்திரண்டு பேர் பேசினாங்க. உங்கம்மா பதினேழாவது.

—எத்தனை நேரம் பேசினா?

—நாலு மணி நேரம்.

—நாலு மணி நேரமா! எங்கிட்ட சேர்ந்தாப்ல நாலு வார்த்தை பேசினவ இல்ல டீச்சர் அவ. "சாப்பிட்டியா", "கம்பளிச் சட்டை போட்டியா", அதோட சரி. உங்களுக்கு மட்டும் என்ன மந்திரம் போட்டு வாயைத் திறந்தீங்க?

—மந்திரம் எல்லாம் இல்ல. வெளிய சொல்லமாட்டோம்னு சத்தியம் பண்றோம், அவ்வளவுதான். அதனாலதான் பேருக்குப் பதிலா நம்பர். உங்கம்மா அதுக்கு மேலயும் ஒரு நிபந்தனை போட்டாங்க. அவங்க சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். தாளைத் திருப்பிப் பாருங்க.

—"நான் கண்ணை மூடற வரைக்கும் என் மகளுக்குத் தெரியக்கூடாது." படிச்சேன். நூறு தடவை படிச்சாச்சு. அதைப் படிச்சுட்டுத்தான் பஸ்ஸை இன்னொருத்தன் தலையில கட்டிட்டு ஓடி வர்றேன்.

—அவங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?

—பக்கவாதம் வந்து பதினோரு நாள். வலது பக்கம் சுத்தமாப் போச்சு. பேச்சும் போச்சு. ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம், என் பேரு. லாமெய், லாமெய், லாமெய். வார்டு பூரா கேக்குது. பக்கத்துக் கட்டில்காரங்க எங்கிட்ட, "உம்மேல உங்கம்மாவுக்கு எம்புட்டுப் பாசம் பாரு"ங்கறாங்க. நான் போய்க் கையைப் பிடிச்சு "இந்தா இருக்கேம்மா"ங்கறேன். தட்டி விடறா டீச்சர். ஒரு கைதான் அசையுது, அந்தக் கையால என்னைத் தள்ளறா. தள்ளிட்டு எனக்குப் பின்னால கதவைப் பாத்து மறுபடியும் "லாமெய்"ங்கறா.

—கதவைப் பாத்தா?

—ஆமா. கதவைச் சாத்த விடமாட்டேங்கறா. வெளிய பனி கொட்டுது, நர்ஸ் வந்து சாத்துவா, இவ அலறுவா. திறந்தே போட்டு வெச்சிருக்கோம், வார்டே எங்களைத் திட்டுது. சிறுதானியக் கஞ்சி குடுத்தா வாயைத் திறக்கறதில்ல. கிண்ணத்தை அந்த ஒத்தக் கையால கதவுப் பக்கமாவே தள்ளறா. மூக்குல குழாய் போட்டாங்க, மூணு தடவை பிடுங்கிட்டா. ஒன்பது நாளா வெறும் டிரிப்ஸ்தான். இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்ப எம்புருசன் தெச்சுவானைத்தான் பக்கத்துல காவலுக்கு வெச்சிருக்கேன். இதென்ன டீச்சர், நீங்க அழறீங்க? நானே இன்னும் அழல.

—ஒண்ணுமில்ல.

—ஒண்ணுமில்லாமயா கண்ணு இப்படிக் கொட்டுது? உங்களுக்குத் தெரியும். அவ எதுக்குக் கதவைப் பாக்கறான்னு உங்களுக்குத் தெரியும்!

—லாமெய், இன்னொரு விஷயம் இருக்கு. இந்த அறையில எல்லாத்தையும் பெட்டி கட்டி வெச்சிருக்கே, ஏன்னு நீங்க கேக்கல.

—ரூம் மாத்தறீங்கன்னு நினைச்சேன்.

—இந்தத் தலைப்பு இனி வேண்டாம்னு மேல இருந்து சொல்லிட்டாங்க. அறுபத்திரண்டு பதிவையும் வாங்கிட்டுப் போக இன்னைக்கு அஞ்சு மணிக்கு ஆள் வருது. கொண்டுபோய் அழிச்சுடுவாங்க. நகல் எடுக்கவும் கூடாது, கம்ப்யூட்டரைப் பூட்டிட்டாங்க. இந்தச் சின்ன ரெக்கார்டர்ல இருக்கறதுதான் மிச்சம்.

—இப்ப மணி என்ன?

—நாலு பத்து.

—அப்ப எங்கம்மா கண்ணை மூடினப்புறம் எனக்கு என்னத்தக் குடுக்கறதா இருந்தீங்க? வெறும் டப்பாவையா?

—நான் வாயால சொல்லுவேன். ஒரு வார்த்தை விடாம எனக்கு ஞாபகம் இருக்கு.

—எனக்கு எதுக்கு உங்க வாய்? எங்கம்மா வாயால கேக்கணும், அவ உயிரோட இருக்கறப்பவே கேக்கணும்.

—வாக்குக் குடுத்திருக்கேன் லாமெய். பதினெட்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன். ஒருத்தருக்குக் குடுத்த வாக்கைக்கூட இதுவரைக்கும் மீறினதில்ல.

—ரொம்ப நல்லவங்க. உங்க நல்ல பேரு கெடாம இருக்க எங்கம்மா பட்டினி கிடந்து சாகணும், அப்படித்தானே? கேக்க விடாம வெச்சிருந்து, நாளைக்கு அவ சாம்பலைப் பெட்டியில வாங்கினப்புறம் வந்து, "லாமெய், உங்கம்மாவுக்கு இதுதான் வேண்டியிருந்துச்சு"ன்னு சொல்லுவீங்களா? அப்ப நான் என்ன பண்றது? சாம்பலுக்குக் கஞ்சி ஊட்டறதா?

—லாமெய், தரையில... ஐயோ, எந்திரிங்க! தலையை முட்டாதீங்க! எந்திரிங்கன்னா!

—எந்திரிக்க மாட்டேன். கோயில்ல கூட நான் இப்படி விழுந்ததில்ல. டீச்சர், எனக்கு வேற யாருமில்ல. அப்பாவும் வாயைத் திறக்காமலேயே போயிட்டாரு. அவ என்னைத்தான் கூப்பிடறா, ஆனா நான் வேண்டாங்கறா. என்ன தப்புப் பண்ணினேன்னு தெரியாமலேயே என்னை விட்டுட்டுப் போயிடுவா போல இருக்கு.

—நீங்க ஒரு தப்பும் பண்ணல. எந்திரிங்க. கதவைத் தாழ் போட்டுட்டு வாங்க. முழுசும் கேக்க நேரமில்ல, அந்த இடம் மட்டும் போடறேன். வேண்டாம்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்.

—போடுங்க.

—உங்கம்மா குரல் வருது, கேளுங்க.

—"ரெண்டாவதுக்குச் சீட்டு குடுக்கல தாயி. இன்னும் ஒரு வருஷம் பொறுன்னாங்க. வவுத்துல வந்தது பொறுக்குமா? ஏழு மாசம். அவரு தெக்க கட்டட வேலைக்குப் போயிட்டாரு. வருசத்தோட கடைசி மாசம், பனி பேஞ்சுகிட்டு கெடக்கு. டிராக்டர் சத்தம் கேட்டுச்சு, சீட்டில்லாத வவுறு தேடி வர்ற சர்க்கார் கூட்டந்தான். வூட்டுக்குப் பின்னால சக்கரவள்ளிக் கெழங்கு போட்டு வைக்கிற குழி. அதுக்குள்ள எறங்கிட்டேன். மூத்தவளுக்கு மூணு வயசு. அவளையும் எறக்கினா அழுது காட்டிக் குடுத்துருவான்னு..."

—நிறுத்துங்க! யாரு மூத்தவ? எனக்கு முன்னால யாருமில்ல. நான் ஒத்தப் புள்ள!

—நிறுத்திடவா லாமெய்?

—இல்ல. ஓட்டுங்க.

—"வாசப்படியில ஒக்கார வெச்சேன். கையில ஒரு மாவுரொட்டியக் குடுத்தேன். 'யாரு கேட்டாலும் அம்மா சந்தைக்குப் போயிருக்குன்னு சொல்லு. நா உம்பேரச் சொல்லிக் கூப்புடற வரைக்கும் இந்த எடத்த வுட்டு அசையக் கூடாது, சரியா கண்ணு'ன்னேன். 'சரிம்மா'ன்னா. வந்தவங்க வூட்டப் பூட்டி முத்திரை வெச்சாங்க. 'புள்ள குளிர்ல கெடந்தா தாய்க்காரி தன்னால வருவா'ன்னு ஒருத்தன் சொன்னான், எனக்குக் கேட்டுச்சு. வாசல்லயே டிராக்டர நிறுத்திகிட்டு ஒக்காந்துட்டாங்க. பக்கத்து வூட்டுக்காரி வந்து வாடின்னு இழுத்தா. எம்மவ போவல. 'எங்கம்மா இன்னும் கூப்புடல'ன்னா. அதுவும் எனக்குக் கேட்டுச்சு."

—ஐயோ.

—"இருமிகிட்டே இருந்தா. ஒவ்வொரு இருமலும் குழிக்குள்ள கேக்குது. அவ பேரு எந்தொண்டை வரைக்கும் வந்து வந்து நிக்கிது. கூப்புட்டா வவுத்துல இருக்கறத எடுத்துருவாங்க. கூப்புடல தாயி. நா கூப்புடவே இல்ல. விடிஞ்சதும் டிராக்டர் போச்சு, ஏறி வந்து பாத்தேன். அந்த எடத்துலயேதான் ஒக்காந்திருந்தா. ரொட்டியில பாதிய எனக்குன்னு வெச்சிருந்தா. நெஞ்சுல சளி கட்டி, நாலாம் நாளு போயிட்டா. சின்னப் புள்ளைக்கு எங்க பக்கம் சமாதி வைக்கறதில்ல. வயக்காட்டு ஓரத்துல மண்ணத் தள்ளினதோட சரி. வருசத்துக்கு ஒருக்கா கூட்டிப் பெருக்கிக் கும்புடறதுக்கு ஒரு மேடு கூடக் கெடையாது."

—லாமெய், போதுமா?

—பேரு. அந்தப் புள்ளயோட பேரு?

—அவங்களே சொல்றாங்க.

—"செத்துப்போச்சுன்னு குடும்பப் பதிவுல எழுதிருன்னு மாமனாரு சொன்னாரு. எழுதினா வவுத்துல இருக்கறதே மொதப் புள்ளயா சட்டப்படி ஆயிரும்னாரு. நா வுடல. அவள வாசல்ல ஒக்கார வெச்சது நானு, அவ பேர அடிக்கறதும் நானா? அந்த வரி அப்படியே இருக்கட்டும்னேன். ரெண்டு மாசத்துல சின்னவ பொறந்தா. தூக்கிகிட்டுப் பட்டணத்துக்கு ஓடியாந்துட்டோம். பதிவுப் புத்தகத்துல ஒரே வரிதான் இருந்துச்சு. லாமெய்னு. இவளும் அந்த வரியிலயே வளந்தா. பள்ளிக்கூடம் போறப்ப வாசல்ல நின்னு லாமெய்னு கூப்புடுவேன். ரெண்டு பேருல யாரக் கூப்புடறேன்னு எனக்கே தெரியாது தாயி."

—நிறுத்திட்டேன். தண்ணி குடி. இந்தா, லாமெய். என்னைப் பாரு.

—வகுப்புலயே நான்தான் குட்டி. எல்லாரையும் விட ஒரு தலை கம்மி. பத்து வயசுலதான் பால்பல்லு விழுந்துச்சு, பசங்க ஓட்டு ஓட்டுன்னு ஓட்டினாங்க. அம்மாகிட்ட கேட்டா சுவத்துப் பக்கம் திரும்பிக்குவா. என் பொறந்தநாளைக்கு எங்க வீட்டுல மட்டும் ஆயுசு நீளணும்னு செய்யற நீள நூடுல்ஸ் செய்ய மாட்டாங்க. அம்மா அன்னைக்குப் படுத்த படுக்கையாக் கிடப்பா. எனக்குப் பொறந்த நாள்னாலே அவளுக்குப் பிடிக்கலன்னு நினைச்சேன். அது அந்தப் புள்ளயோட பொறந்தநாளா? முயல் வருஷத்துல பொறந்தவன்னு முப்பத்தேழு வருஷமா ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரியறேனே!

—உனக்கு முப்பத்து மூணுதான். நீ பொறந்தது நாலு வருஷம் கழிச்சு, ஆடு வருஷத்துல.

—என்னைக் காப்பாத்தத்தானே அவ வாயை மூடிக்கிட்டா? நான் வயித்துல இல்லாம இருந்திருந்தா ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருப்பா. அந்தப் புள்ள எந்திரிச்சு ஓடியாந்திருக்கும். அதோட ரொட்டி, அதோட பேரு, எல்லாத்தையும் நான் தின்னுட்டேன்.

—அப்படிச் சொல்லாதே. குழிக்குள்ள இருந்தது நீயும்தான். மூணு வயசுக் குழந்தைகிட்ட அப்படி நடந்துகிட்டது யாரு? நீயா? உங்கம்மாவா?

—வேற யாரை நான் கேக்கறது டீச்சர்? டிராக்டர்ல உக்காந்தவன் எல்லாம் இப்ப எந்தப் பூங்காவுல பேரப்புள்ளையோட சீட்டாடிக்கிட்டு இருக்கானோ! அம்மாதான் அங்க கிடக்கா. பதினோரு நாளா... டீச்சர்!

—என்ன?

—அவ என்னைக் கூப்பிடல.

—ஆமா.

—அந்தப் புள்ளயக் கூப்பிடறா. அன்னைக்குக் கூப்பிடாததை இப்பக் கூப்பிடறா. உள்ள வந்துடுங்கறா. கஞ்சியை அதுக்குத்தான் தள்ளறா. நான் ஒருத்தி வழியை மறைச்சுகிட்டு முன்னால போய் நின்னு "இந்தா இருக்கேன், இந்தா இருக்கேன்"னா தள்ளாம என்ன செய்வா?

—லாமெய், வராந்தாவுல ஆள் பேச்சுக் கேக்குது. முன்னாலயே வந்துட்டாங்க போல. பதிவுக் கடைசியில ஒரு நிமிஷம் இருக்கு, அதை மட்டுமாவது கேட்டுடு. உங்கம்மா மனசுக்குள்ள உனக்குன்னு ஒரு பேர் வெச்சிருந்தாங்க. ஒருநாளும் வெளிய சொன்னதில்லயாம். அதை இதுலதான் சொல்லியிருக்காங்க, ஒரே ஒரு தடவை. இப்ப விட்டா அந்தக் குரல்ல நீ அதைக் கேக்கவே முடியாது.

—என் பேரா?

—உன் பேர். சீக்கிரம் சொல்லு, போடட்டுமா? தட்டறாங்க பாரு.

—வேண்டாம்.

—லாமெய்!

—பின்னாடி நீங்க வாயால சொல்லுங்க, ஒரு வார்த்தை விடாம ஞாபகம் இருக்குன்னீங்களே. இன்னைக்கு எனக்கு லாமெய்ங்கற இந்தப் பேருதான் வேணும். போன் எங்க? எம்போன்...

—இந்தா, மேசையில. நீ பேசு. அவங்க எவ்வளவு வேணா தட்டட்டும், நான் திறக்கப்போறதில்ல.

—தெச்சுவான்? நான்தான். இன்னும் கூப்பிடறாளா? கேக்குது, எனக்கே கேக்குது. கதவு திறந்திருக்கா? நல்லாத் திறந்து விடு. யார் திட்டினாலும் திட்டட்டும். இல்ல, போனை அவ காதுல வைக்காதே. கதவுகிட்டக் கொண்டு போ. அங்கதான். கீழ வை, நிலைப்படியில, தரையோட. சத்தத்தை முழுசாக் கூட்டி வை. எதுக்குன்னு கேக்காதே, வை. வெச்சுட்டியா? நீ தள்ளி நில்லு, அவ கண்ணுக்குக் கதவு தெரியணும்.

—வெச்சுட்டாரா?

—ம். கூப்பிடறா.

—பேசு.

—அம்மா... நான் அசையவே இல்லம்மா. நீ கூப்பிட்டுட்டல்ல, இப்ப உள்ள வரட்டுமா?